சமையலறை வரை வந்த வட்டம்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. சம்பளம் போடுகிற இடத்தில் மட்டும்தான் அதற்கு வேலை. மற்றபடி கொத்தனார், என்ஜினீயர், லாரி ஓட்டுகிறவர், எதிர்வீட்டுக்காரர் எல்லோருக்கும் அவர் வட்டம் சார்.

கட்டடம் வரப்போகிற இடத்தில் கட்டடத்துக்கு முன்னால் வந்து நிற்கிற ஆள் அவர். தோட்டமும் நடைபாதையும் அமைத்துக் கொடுக்கிற ஒரு கம்பெனிக்காக மனைகளை அளந்து வரைபடம் போடுவது அவருடைய தொழில். மேடு எங்கே, பள்ளம் எங்கே, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், மதில் நேராக நிற்கிறதா, நிற்கிற மாதிரி நடிக்கிறதா, எல்லாம் சொல்லிவிடுவார். அதுவரை சாதுவான மனிதர்தான். மனையில் மரம் ஒன்று நின்றுவிட்டால் போதும், ஆளே மாறிவிடுவார். மரத்தை நெஞ்சு உயரத்தில் டேப்பால் சுற்றித் தடிமன் எடுப்பார். அதைப் பன்னிரண்டால் பெருக்குவார். வந்த அளவுக்குக் கயிறு பிடித்து மரத்தைச் சுற்றிச் சுண்ணாம்புப் பொடியால் ஒரு வட்டம் போடுவார். வட்டத்தின் மேல் வேலி வரும். வேலிக்குள் தோண்டக் கூடாது, வண்டி வரக் கூடாது, செங்கல் அடுக்கக் கூடாது, நின்று டீ குடிக்கக்கூடக் கூடாது.

"வேர் நேரா கீழ போகுதுன்னு உங்களுக்கு யாருங்க சொன்னது? அது மேலாப்புல நாலு பக்கமும் பரவுது. நீங்க மிதிச்சு மிதிச்சு மண்ணை இறுக்கிட்டா அது எப்படி மூச்சு விடும்?" என்பார். டீ கிளாஸோடு நிற்கிறவர்கள் ஏதோ யார் கழுத்தையோ மிதித்துவிட்ட மாதிரி நகர்ந்துபோவார்கள்.

வரைபடம் போடுவதிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. வெள்ளைத் தாளை விரித்ததும், அசைக்கக் கூடாதவற்றை முதலில் தடித்த கறுப்புக் கோட்டால் கட்டிவிடுவார். உள்ளே சாய்கோடு இழுத்து நிரப்பிவிடுவார். வெளியே சுற்றிலும் புள்ளி வட்டம். அதற்குப் பிறகு மிச்சமிருப்பதுதான் இடம். கட்டடம், கார் நிறுத்துவது, கழிவுநீர்க் குழாய் எல்லாம் அந்த மிச்சத்துக்குள் முடங்கிக்கொள்ள வேண்டியது. "ஏற்கெனவே இருக்கறதுக்கு முதல் மரியாதை. வரப்போறது அப்புறம்" என்பது அவர் கட்சி.

இந்தக் கட்சிக்கு அவரைத் தவிர வேறு உறுப்பினர் கிடையாது. ஒருமுறை ஒரு மருத்துவமனைக் கட்டட வேலையில், முன்வாசலில் நின்ற மரத்துக்கு வேலி போட்டுக் கதவு வைத்துப் பூட்டும் போட்டுவிட்டு வந்தார். "பாதுகாக்கப்பட்ட பகுதி" என்று பலகையும் மாட்டினார். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் வேலி வைத்தது வைத்தபடி இருந்தது. கம்பி ஒன்றுகூடத் தளரவில்லை. மனம் குளிர்ந்து கிட்டப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். வேலிக்குள்ளே, மரத்தடியில், சிமெண்ட் மூட்டைகள் அழகாக அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தன.

அங்கே வேலை பார்த்த மேஸ்திரி வாயெல்லாம் பல்லாக வந்தார். "இந்த இடம் முழுக்கப் பூட்டு போட்ட இடம் இது ஒண்ணுதான் சார். பாதுகாப்புன்னு நீங்களே போர்டு வேற வச்சிருக்கீங்க. ஒரு மூட்டை திருடு போகல, பாருங்க."

வட்டம் சார் அன்றைக்குப் போட்ட சத்தத்தில் மூட்டைகள் தாமாகவே எழுந்து நடந்துபோயிருக்க வேண்டும். தான் என்ன தப்பு செய்தோம் என்பது மேஸ்திரிக்குக் கடைசிவரை புரியவே இல்லை.

சொந்தக்காரன் என்று தாட்சண்யம் பார்க்கிற ஆளும் இல்லை. மனைவியின் தம்பி, ஆசை ஆசையாக ஒரு வீடு கட்ட ஆரம்பித்தான். அத்தான் இருக்கும்போது வேறு ஆள் எதற்கு என்று வரைபடம் போடும் வேலையை அவரிடமே கொடுத்தான். அது அவன் செய்த பிழை. மனையின் ஓரத்தில் ஒரு மரம் நின்றது. வட்டம் சமையலறையின் ஒரு மூலையைக் கடித்தது. மூலை வெட்டப்பட்டது. வீடு முடிந்து பார்த்தால் சமையலறைச் சுவர் கோணலாக ஓடியது, ஃப்ரிட்ஜ் எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் கதவு திறக்கவில்லை. அன்றிலிருந்து அந்த ஃப்ரிட்ஜ் ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் நிற்கிறது. வருகிற விருந்தாளி ஒவ்வொருவரும் அதைப் பற்றிக் கேட்பார்கள். தம்பியும் சலிக்காமல் முதலிலிருந்து சொல்வான். மரம் என்னமோ நன்றாகத்தான் இருக்கிறது. அதையும் சொல்லிவிட்டுத்தான் பெருமூச்சு விடுவான்.

இப்படிக் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அவர் மனைவியின் முழங்கால் கெட்டுப்போனது.

ஒரே நாளில் கெட்டுப்போனதல்ல. அவர்கள் வீட்டில் படுக்கையறை மாடியில். புழங்குகிற பாத்ரூமும் மாடியில். கீழே ஹாலும் சமையலறையும், வாசலை ஒட்டி ஒரு முன்னறையும். முன்னறை சாரின் ஆபீஸ். பெரிய மேஜை, வரைபடச் சுருள்கள் பிதுங்குகிற இரண்டு அலமாரி, அளவுக் கருவியை நிறுத்துகிற முக்காலி என்று அதற்குள் துடைப்பம்கூட அனுமதி கேட்டுவிட்டுத்தான் நுழையும். அதனால் அந்த அம்மாவுக்கு ஒரு நாளைக்கு எத்தனை முறை ஏறி இறங்குகிறோம் என்ற கணக்கே இல்லாமல் போயிற்று. ஒரு படியில் இரண்டு காலையும் வைத்து, கொஞ்சம் நின்று, அடுத்த படி. முன்னறை மேஜையில் உட்கார்ந்து கோடு போடும்போது சாருக்கு அந்தச் சத்தம் கேட்கும். பாதி வழியில் ஓரிடத்தில் சத்தம் நின்றுபோகும். பிறகு திரும்பத் தொடங்கும். கேட்டுக் கேட்டுப் பழகிய சத்தம்தான், கடிகாரம் ஓடுவதைப் போல.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சுருக்கமாகச் சொன்னார். "மாடிப்படியை மறந்துடுங்கம்மா. இனிமே ஏறினீங்கன்னா ஆபரேஷன்ல வந்துதான் நிக்கும். அதுக்கப்புறமும் நடப்பீங்களான்னு நான் உறுதி கொடுக்க மாட்டேன்."

 வீடு திரும்புகிற வழியெல்லாம் வட்டம் சாருக்குப் பயமாக இருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும், "கீழயே உனக்கு ஒரு ரூம் கட்டிடலாம். பாத்ரூமோட. கொல்லைப்புறத்துல எடம் கிடக்கு. நானே பிளான் போடறேன்" என்றார்.

"ஹால்ல ஒரு கட்டில் போட்டுக்கறேனே."

"ராத்திரி எழுந்தா பாத்ரூமுக்கு மாடிக்குத்தானே போகணும்? அதெல்லாம் சரிப்படாது."

அந்த அம்மா முன்னறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு, "நீங்க சொன்னா சரி" என்றார்.

கொல்லைப்புறத்தில் இடம் கிடந்தது உண்மை. நடுவில் ஒரு மரமும் கிடந்தது, அல்ல, நின்றது. யாரும் நட்டதல்ல, தானாக முளைத்துத் தன்பாட்டுக்கு வளர்ந்தது. அதில்தான் துணி காயப்போடும் கயிறு கட்டியிருந்தது. ஊரில் உள்ள மரங்களையெல்லாம் கட்டிப்பிடித்து அளந்தவர், அந்த மரத்தை ஒருநாளும் அளந்ததில்லை. அது வீட்டு மரம். வீட்டில் இருப்பவற்றை யார் அளப்பார்கள்?

விஷயம் தம்பியின் காதுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை காலை காபிக்கு முன்னால் வந்து நின்றான்.

"டேப்போட இன்னொரு முனையைப் பிடிக்க ஆள் வேணுமில்ல அத்தான்? அதான் வந்தேன்" என்றான். முகத்தில் அப்படி ஒரு பணிவு. இந்த நாளுக்காக எத்தனை காலம் காத்திருந்தானோ!

சார் நெஞ்சு உயரத்தில் டேப்பைச் சுற்றினார். கணக்குப் போட்டார். முகத்தில் ஈயாடவில்லை. இரண்டடித் தடிமன். பன்னிரண்டால் பெருக்கினால் இருபத்து நாலு அடி. மரத்திலிருந்து சமையலறைச் சுவர் வரைக்கும் உள்ள தூரமே பதினைந்து அடிதான்.

"கயிறு பிடிங்க அத்தான்" என்று தம்பி அவசரப்படுத்தினான்.

மரத்தில் ஒரு நுனியைக் கட்டிவிட்டு, மறு நுனியைத் தம்பி இழுத்துக்கொண்டு நடந்தான். இடப்பக்க மதிலில் முட்டினான். வலப்பக்க மதிலில் முட்டினான். புது அறை வரவேண்டிய இடம் முழுக்க உள்ளேதான் இருந்தது. அதோடு விட்டானா? கொல்லைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "கயிறு இன்னும் மிச்சம் இருக்கே" என்று சமையலறைக்குள் நடந்தான். பாத்திரம் தேய்க்கும் தொட்டியைத் தாண்டினான். அடுப்புக்குப் பக்கத்தில் போய்த்தான் கயிறு விறைத்தது. குனிந்து, கொண்டுவந்திருந்த சுண்ணாம்புப் பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து, தரையில் பயபக்தியோடு ஒரு கோடு போட்டான்.

அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. அவன் அக்கா கரண்டியோடு நின்று அந்தக் கோட்டைப் பார்த்தார்.

"அப்படின்னா இத்தனை வருஷமா நான் வேலிக்குள்ள நின்னுதான் சமைச்சிருக்கேனா?"

"சமைச்சதுகூடப் பரவாயில்லக்கா. டீ குடிச்சிருக்க பாரு, அதுதான் பெரிய குத்தம்" என்றான் தம்பி.

சார் வாசற்படியில் நின்று, "ஏற்கெனவே இருக்கற கட்டடம் கணக்குல வராது" என்று மென்று விழுங்கினார்.

"கரெக்ட் அத்தான். என் சமையலறை வரப்போறதா இருந்துச்சு. அதான் கோணலாப் போச்சு. புது ரூமும் வரப்போறதுதானே?"

 தம்பி காபி குடித்துவிட்டு, இரண்டாவது காபியும் குடித்துவிட்டு, மனநிறைவோடு கிளம்பிப்போனான்.

மறுநாள் காலை வட்டம் சார் தன் வாழ்நாளில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். பக்கெட் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் ஏறி நின்று மரத்தை மறுபடி அளந்தார். அந்த மரம் மேலே போகப் போகக் கொஞ்சம் இளைக்கும். டேப்பையும் வழக்கத்தைவிட இறுக்கிப் பிடித்தார். அளவு குறையத்தான் செய்தது.

சமையலறை ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "ஏங்க, நெஞ்சு உயரம்னா யாரோட நெஞ்சு? பக்கெட் மேல நிக்கறவரோட நெஞ்சா?"

அவர் இறங்கிவிட்டார். காது மடல் சூடாகிவிட்டது. எத்தனை என்ஜினீயர்களை இதே மாதிரிக் கையும் களவுமாகப் பிடித்து, அவர்கள் ஆட்கள் முன்னாலேயே நாறடித்திருக்கிறார்! அவர்களில் ஒருவராவது பக்கெட் மேல் ஏறியதில்லை.

அன்றைக்கு மத்தியானம் அவர் முன்னறையில் இருந்தபோது அந்தச் சத்தம் மறுபடி கேட்டது. ஒரு படி, கொஞ்சம் இடைவெளி, அடுத்த படி. டாக்டர் வேண்டாம் என்று சொன்ன பிறகும் அந்த அம்மா துண்டு எடுக்கவோ எதற்கோ மாடிக்குப் போகிறார். பாதியில் சத்தம் நின்றது. சார் பேனாவை வைத்துவிட்டார். ஒரு பக்கம் மரம், ஒரு பக்கம் இவள் கால். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தன்மேலேயே எரிச்சலாக வந்தது. எடுத்தார் போனை, கூப்பிட்டார் அந்த மருத்துவமனை மேஸ்திரியை. ஊரில் மற்ற மேஸ்திரிகள் அவர் போனை எடுப்பதில்லை என்பது வேறு விஷயம்.

கொல்லையில் நின்று மரத்தை மேலும் கீழும் பார்த்த மேஸ்திரிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "வட்டத்துக்குள்ளயா சார் அஸ்திவாரம்?"

"ஆமாம்."

"வேர் வருமே."

"இந்தப் பக்கத்து வேரை வெட்டிடுங்க" என்றார் சார். சொல்லும்போது மரத்தைப் பார்க்கவில்லை. பாதி வேர் போனால் மரம் உடனே சாகாது என்று அவருக்குத் தெரியும். உச்சியிலிருந்து மெல்ல மெல்லக் காயும். அப்புறம் ஒரு பெருங்காற்றில் ஏதோ ஒரு பக்கம் சாயும். இதையெல்லாம் மற்றவர்களுக்கு அவர் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறார். விளக்கியபோது இவ்வளவு வலிக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து வரைபடம் போட்டார். வீட்டை மூலைக்கு மூலை அளந்தார். எந்த மனைக்கும் செய்கிற அதே முறை, அதே கறுப்பு மை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜை மேல் தாளை விரித்து நான்கு மூலையிலும் டம்ளர் வைத்தார். மேஸ்திரி ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், தம்பியும் அழைக்காமலே ஒரு பக்கம்.

மேஸ்திரி விரலால் தடவித் தடவிப் படித்தார். இங்கே அறை, இங்கே பாத்ரூம், இந்தக் கோட்டில் பள்ளம் தோண்டுவது. கொல்லையில் மரம் வெறும் ஒரு சின்ன வளையமாக இருந்தது, சுற்றிலும் ஒன்றுமில்லாமல். எல்லாம் புரிந்தது என்று தலையாட்டினார். பிறகு விரல் வீட்டின் முன்பக்கத்துக்கு வந்து நின்றது.

"இங்கயும் ஒரு மரம் இருக்கா சார்?"

"எங்க?"

"இந்தா, வாசல் பக்கத்துல. தடிச்ச கோடு போட்டு, உள்ள சாய்கோடு இழுத்து விட்டு, சுத்தி உங்க புள்ளி வட்டம் போட்டிருக்கீங்களே. வீட்டுக்குள்ள எப்படி சார் மரம்?"

தம்பி குனிந்து பார்த்தான். சிரிக்க வாயைத் திறந்தவன், சிரிக்கவில்லை. "அது அத்தானோட ஆபீஸ்" என்றான் மெதுவாக.

முன்னறைதான். மேஜை, இரண்டு அலமாரி, முக்காலி எல்லாவற்றையும் சேர்த்து வளைத்துக் கறுப்பு மை போட்டிருந்தார். வெள்ளைத் தாளை விரித்ததும் கை தன்பாட்டுக்கு முதலில் போட்டது அதைத்தான். அசைக்கக் கூடாதது. அதற்குப் பிறகுதான் வீட்டில் மிச்சம் எவ்வளவு இடம் என்று தேடி, கொல்லைப்புறத்துக்குப் போய், ஒரு மரத்தில் போய் முட்டியிருக்கிறார்.

அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தலைகீழாகத் தெரிந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "முன்னறையை ஒட்டின பாத்ரூமையும் சேர்த்துக் கறுப்படிச்சிருக்கீங்க" என்றார்.

ஆமாம், அங்கே ஒரு பாத்ரூம் இருந்தது. வீடு கட்டும்போது வருகிறவர் போகிறவருக்கென்று கட்டியது. குழாயில் தண்ணீர் வரும், கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு. ஆனால் அதில் யாரும் குளித்த ஞாபகம் யாருக்கும் இல்லை.

"அதுலதான் சுண்ணாம்பு மூட்டை எல்லாம்..." என்று ஆரம்பித்தார் சார்.

"மூட்டையா சார்?" என்றார் மேஸ்திரி. அவ்வளவுதான் சொன்னார். மீசைக்குள் உதட்டை மடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். பெரிய மனுஷன்.

வட்டம் சார் மனைவியைப் பார்த்தார். "நீ ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"என்னத்தைச் சொல்றது? வேலி போட்ட எடத்துக்குள்ள கால் வைக்கக் கூடாதுன்னு ஊருக்கே சொல்றவர் நீங்க" என்றார் அவர். குத்தலாகச் சொல்லவில்லை, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். குத்தலாகச் சொல்லியிருந்தால் சாருக்குப் பதில் சொல்ல வந்திருக்கும். வெட்கம் பிடுங்கித் தின்றது. நல்லவேளையாக மரம் கொல்லையில் இருந்தது, அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்தார். தாள் தானாகவே சுருண்டுகொண்டது.

"அப்ப வேலை இல்லையா சார்?" என்று மேஸ்திரி கேட்டார்.

"இருக்கு. மேஜை தூக்கணும். மாடிக்கு."

பகல் முழுக்கத் தூக்கினார்கள். மேஸ்திரி இரண்டு ஆட்களை வரவழைத்தார். அலமாரிகள் போயின, முக்காலி போயிற்று. பாத்ரூமிலிருந்து சுண்ணாம்பு மூட்டைகள் வெளியே வர வர, அடியில் நல்ல வெள்ளை ஓடு தெரிந்தது. அந்த அம்மா ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கட்டில் எந்தப் பக்கம் பார்த்து வரவேண்டும் என்று தம்பிக்குக் கை காட்டினார். மேஜை மட்டும் முன்னறை வாசலில் மாட்டிக்கொண்டது. எப்படித் திருப்பினாலும் வரவில்லை. "காலைக் கழட்டிடலாம் அத்தான்" என்று தம்பி சொன்னபோது அவன் குரலில் இருந்த இனிமையை எழுத்தில் கொண்டுவர முடியாது. கழட்டினார்கள்.

"அப்படியே என் ஃப்ரிட்ஜுக்கும் ஒரு வழி பாருங்க" என்றான். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடைசியாக மிஞ்சியது வரைபடச் சுருள்கள். அவற்றை மற்றவர்கள் தொட சார் விடவில்லை. பெரிய கட்டாகக் கட்டித் தோளில் சாய்த்துக்கொண்டு தானே ஏறினார். வயசு அவருக்கும் குறைவில்லை. படி திரும்பும் இடம் வருவதற்குள் மூச்சு வாங்கியது. நின்றார். விழாமலிருக்க இடக்கையைச் சுவரில் ஊன்றினார்.

கை வழுக்கியது. பார்த்தார். அந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு தேய்ந்து, எண்ணெய் இறங்கி, சுவர் கண்ணாடி மாதிரி வழவழவென்று கறுத்திருந்தது. உள்ளங்கை அளவு. அவர் கையைவிடச் சின்னக் கை.

சத்தம் நிற்கிற இடம் இதுதான்.

போன வாரம்தான் இந்தப் படிக்கட்டை அளந்தார். படியின் உயரம், அகலம், திருப்பத்தின் நீளம் எல்லாம் எடுத்தார். இந்தச் சுவரிலேயே டேப்பின் நுனியை வைத்து அழுத்தியிருக்கிறார். இது கண்ணில் படவில்லை. பழக்கதோஷத்தில் கை சட்டைப்பையில் இருந்த டேப்புக்குப் போனது, பாதியிலேயே திரும்பி வந்துவிட்டது. சுருள்களை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு, அவர் அந்தப் படியிலேயே உட்கார்ந்தார். கண் நிறைந்துவிட்டது.

"என்னங்க, சத்தம் நின்னுபோச்சு? என்ன ஆச்சு?" என்று கீழே முன்னறையிலிருந்து குரல் வந்தது.

இத்தனை வருஷம் அதே முன்னறையில் உட்கார்ந்து அந்தச் சத்தம் நிற்பதைக் கேட்டவர், ஒரு தடவைகூட இப்படிக் கேட்டதில்லை.

"ஒண்ணுமில்ல. இதோ ஏறிடறேன்" என்றார்.

 கீழேயிருந்து அந்த அம்மா சொன்னார்: "மெதுவாவே ஏறுங்க. இங்க யாரும் அளக்கல."